ஸ்கோர் கார்டில் ஒரு கேஸ், தத்துவ நூலில் ஒரு கேஸ்: இருவரும் ஒருவரா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். 1860களில் நடந்த ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் ஆட்டங்களின் பழைய ஸ்கோர் கார்டு ஒன்றில் கேஸ் என்ற பெயரைப் பார்த்திருக்கிறீர்கள். வேறொரு சமயம் தத்துவ வரலாறு படிக்கும்போது ஆக்ஸ்போர்டு பேராசிரியர் தாமஸ் கேஸ் என்று கண்ணில் பட்டிருக்கிறது. இரண்டு பேரும் ஒருவர்தானா, அப்படியென்றால் இன்றைய ஸ்போர்ட்ஸ் கோட்டா மாதிரி கிரிக்கெட்டை வைத்துத்தான் அவருக்கு அந்த வேலை கிடைத்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். பெயர்க் குழப்பத்தைவிட இரண்டாவது கேள்விதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். மட்டையைப் பிடித்த கை எப்படி அரிஸ்டாட்டிலைப் புரட்டப் போயிற்று என்பதுதானே நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது?

ஒரே ஆள்தான். இதில் சந்தேகமே வேண்டாம். தாமஸ் கேஸ் 1844-ல் லிவர்பூலில் பிறந்தார், ரக்பி பள்ளியில் படித்தார், அங்கிருந்து ஆக்ஸ்போர்டின் பேலியல் கல்லூரிக்குப் போனார். பல்கலைக்கழக அணிக்கும் மிடில்செக்ஸ் அணிக்கும் ஆடினார். 1889-லிருந்து 1910 வரை ஆக்ஸ்போர்டில் வேன்ஃப்ளீட் என்ற பெயரிலான நாற்காலியில் தத்துவப் பேராசிரியர். 1904-லிருந்து 1924 வரை கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் தலைவர். 1925-ல் இறந்தார். இதெல்லாம் பதிவேடுகளில் உள்ளது. நான் வருடக்கணக்கில் கல்லூரியில் மேலைத் தத்துவம் நடத்தியவன். அரிஸ்டாட்டில் பாடத்துக்குக் குறிப்பெடுக்கப் போனபோதுதான் இவர் பெயரை முதலில் பார்த்தேன். கிரிக்கெட் ஆடியவர் என்பது அதற்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அதனால் நீங்கள் வந்த வழிக்கு நேரெதிர் வழியில் நான் அவரிடம் வந்து சேர்ந்தேன்.

முதலில் கிரிக்கெட். அவர் ஆடத் தொடங்கிய 1864 சாதாரண வருடம் கிடையாது. அந்த ஜூன் மாதத்தில்தான் கிரிக்கெட் விதிகளை வகுக்கும் லண்டன் கிளப்பான எம்.சி.சி. விதியை மாற்றி, பந்து போடுபவர் கையைத் தோளுக்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் உயர்த்தலாம் என்று அனுமதித்தது. அதற்கு முன்னால் தோள் மட்டம்தான் எல்லை. 1862-ல் ஓவல் மைதானத்தில் எட்கர் வில்ஷர் அந்த எல்லையைத் தாண்டினார் என்று அம்பயர் ஜான் லில்லிவைட் திரும்பத் திரும்ப நோபால் கொடுத்தார். வில்ஷர் மைதானத்தை விட்டே வெளியேறினார், அணியிலிருந்த மற்ற தொழில்முறை ஆட்டக்காரர்களும் அவர் பின்னால் போனார்கள். இரண்டு வருடம் கழித்து விதி மாறியது. ஆக, கேஸ் தலைமுறை பள்ளியில் பழகியது ஒரு பந்துவீச்சு, பல்கலைக்கழகத்துக்கு வந்து எதிர்கொண்டது வேறொரு பந்துவீச்சு. அதே 1864-ல்தான் மிடில்செக்ஸ் மாவட்ட கிளப் உருவானது. லண்டனின் லார்ட்ஸ் மைதானம் அப்போது அவர்களுடைய சொந்த மைதானம் இல்லை, இஸ்லிங்டனில் மாட்டுச்சந்தையை ஒட்டிய மைதானத்தில் ஆடினார்கள். விஸ்டன் என்ற கிரிக்கெட் ஆண்டு மலரின் முதல் இதழும் அந்த வருடம்தான் வந்தது.

ஆட்டம் எப்படி இருந்தது என்று ஒரு படம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓவருக்கு நான்கே பந்துகள். லார்ட்ஸ் ஆடுகளம் கரடுமுரடு என்று பேரெடுத்தது. சிறு கற்கள் கிடக்கும், பந்து ஒருமுறை காலடியில் உருளும், அடுத்த முறை முகத்துக்கு வரும். 1870-ல் நாட்டிங்காம்ஷர் அணியின் ஜார்ஜ் சம்மர்ஸ் அங்கே தலையில் அடிபட்டு, சில நாளில் இறந்தே போனார். ஹெல்மெட் என்ற பேச்சே இல்லாத காலம். அந்தத் தரையில் ஒருவர் இருபது ரன் எடுத்திருந்தால் இன்றைய கண்ணால் அதை அளக்கக் கூடாது. கேஸ் ஆடிய பருவத்தில் ஆக்ஸ்போர்டு அணி பலமாக இருந்தது. 1863 முதல் 1866 வரை நான்கு வருடமும் கேம்பிரிட்ஜைத் தோற்கடித்தது, 1867-ல்தான் கேம்பிரிட்ஜ் ஜெயித்தது.

அவர் மொத்தம் எத்தனை ரன் எடுத்தார் என்று நான் இங்கே எண் போடாமல் விடுவதற்குக் காரணம் இருக்கிறது. முதல் தர ஆட்டம் என்பதற்கு 1860களில் அதிகாரபூர்வமான வரையறையே கிடையாது. எந்த ஆட்டத்தைச் சேர்ப்பது, எதை விடுவது என்று பின்னால் வந்த புள்ளிவிவரக்காரர்கள் உட்கார்ந்து தீர்மானித்தார்கள், அவர்களுக்குள்ளேயும் ஒத்துப்போவதில்லை. பழைய ஆட்டக்காரர்களின் மொத்தக் கணக்கு நூலுக்கு நூல் மாறுவதைப் பார்த்தால் குழம்பாதீர்கள். ஒரு குறிப்பிட்ட ஆட்டத்தின் கார்டை நம்பலாம், வாழ்நாள் சராசரியைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள். கார்டு எவ்வளவு ரன் என்று சொல்லும், எப்படி ஆடினார் என்று சொல்லாது.

சரி, ஸ்போர்ட்ஸ் கோட்டா விஷயத்துக்கு வருகிறேன். கிடையாது. கிரிக்கெட்டால் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. அன்றைய ஆக்ஸ்போர்டில் ஆசிரியராக வேண்டுமென்றால் கிரேட்ஸ் என்று அவர்கள் சொல்லும் படிப்பில் தேற வேண்டும். கிரேக்கமும் லத்தீனும் மூலமொழியில், பழைய வரலாறு, பிளேட்டோ, அரிஸ்டாட்டில், அதற்கு மேல் அன்றைய தத்துவம். அதில் பேர் வாங்கியவர்களுக்குத்தான் ஃபெலோ பதவி, அதாவது கல்லூரியின் ஆசிரியர் குழுவில் இடம், எட்டும். நன்றாக ஆடிய பையன்களுக்கு வேறு இடத்தில் வரவேற்பு இருந்தது: பள்ளிகளிலும் திருச்சபையிலும். கேஸ் சேர்ந்த காலத்தில் ஆக்ஸ்போர்டு அணித்தலைவராக இருந்த ஆர்.ஏ.எச். மிட்செல் அன்றைய இங்கிலாந்தின் மிகச் சிறந்த மட்டையாளர்களில் ஒருவர். அவர் 1866-ல் ஈட்டன் பள்ளிக்கு ஆசிரியராகப் போய், முப்பது வருடம் அங்கே கிரிக்கெட்டை வளர்த்தார். அதற்கும் முந்தைய தலைமுறையில், 1827-ல் முதல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் ஆட்டத்தையே ஏற்பாடு செய்த சார்ல்ஸ் வேர்ட்ஸ்வர்த் ஸ்காட்லாந்தில் பிஷப் ஆனார். பல்கலைக்கழக அணியிலிருந்து பல்கலைக்கழகப் பேராசிரியர் நாற்காலிக்குப் போனவர்கள் குறைவு. நம்மூரில் கிரிக்கெட் பைத்தியமான இங்கிலாந்துப் பேராசிரியர் என்றால் கணித மேதை ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த ஹார்டிதான் நினைவுக்கு வருவார். ஆனால் அவர் அடுத்த தலைமுறை, ரசிகராகப் பேர் போனவர். கேஸ் உண்மையிலேயே களத்தில் நின்றவர்.

ஆனாலும் இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று சொன்னால் அதுவும் தப்பு. கிரிக்கெட் அன்றைக்கு இரண்டு சாதி. சம்பளம் வாங்காமல் ஆடுபவர் ஜென்டில்மேன், சம்பளத்துக்கு ஆடுபவர் பிளேயர். உடை மாற்றும் அறை தனி, மைதானத்துக்குள் வரும் வாசல்கூடத் தனி. கார்டில் பெயர் போடும் முறையே வேறாக இருக்கும், ஜென்டில்மேனுக்கு மட்டும்தான் மரியாதை அடைமொழி. இந்தப் பிரிவை 1962-ல்தான் எடுத்தார்கள். கோடை முழுவதும் காசு வாங்காமல் ஆட முடிந்த வீட்டுப் பையன்தான், வருடக்கணக்கில் கிரேக்கமும் படிக்க முடிந்தவன். இரண்டு கதவையும் திறந்துவிட்டது ஒரே சாவி, அது குடும்பத்தின் வசதி. இது என் கணிப்புத்தான், ஆனால் அந்தக் கால ஆக்ஸ்போர்டு அணிகளின் பெயர்ப் பட்டியலை எடுத்து ஒவ்வொருவரும் எந்தப் பள்ளி என்று பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

படிப்பு முடிந்ததும் கேஸ் பிரேஸ்நோஸ் கல்லூரியில் ஃபெலோ ஆனார். 1870-ல் கல்யாணம். பெண் இசையமைப்பாளர் வில்லியம் ஸ்டெர்ன்டேல் பென்னெட்டின் மகள். மெண்டெல்சோனுக்கும் ஷூமனுக்கும் நெருங்கிய நண்பர் பென்னெட், கேம்பிரிட்ஜில் இசைப் பேராசிரியராகவும் இருந்தவர். ஆக்ஸ்போர்டு கல்லூரிகளில் அப்போதெல்லாம் கல்யாணம் செய்துகொண்டால் பெரும்பாலும் ஃபெலோ பதவி போய்விடும். இந்த விதி பரவலாகத் தளர்ந்தது 1877 சட்டத்துக்கும் அதன்படி 1882-ல் வந்த புதிய விதிகளுக்கும் பிறகுதான். கேஸ் பேலியலிலும் அப்புறம் கார்ப்பஸிலும் ட்யூட்டராகப் பாடம் நடத்தினார். பேராசிரியர் நாற்காலி கிடைத்தபோது வயது 45. ஆடி முடித்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கிரிக்கெட் புகழ் அவ்வளவு காலம் தாங்காது.

இனி தத்துவம். இங்கேதான் எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது. கேஸ் மாணவராக இருந்த பேலியலில்தான் டி.எச். கிரீன் இருந்தார். உலகம் கடைசியில் மனத்தின் அமைப்பே என்ற ஜெர்மன் கருத்துமுதல்வாதத்தை ஆக்ஸ்போர்டில் வேரூன்றச் செய்தவர் அவர். அடுத்து அதே வழியில் எஃப்.எச். பிராட்லி வந்தார். கெட்டிக்கார இளைஞர்கள் எல்லாரும் அந்தப் பக்கம் சாய்ந்திருந்த நேரத்தில், 1888-ல் கேஸ் வெளியிட்ட நூலின் பெயரே தமிழில் சொன்னால் 'பௌதிக யதார்த்தவாதம்'. பொருள்கள் மனத்தைச் சாராமல் உண்மையாகவே இருக்கின்றன என்பதுதான் யதார்த்தவாதம். அவர் வாதம் இப்படிப் போகும். நாம் ஒன்றிலிருந்து இன்னொன்றை ஊகித்தால், ஊகிக்கிற பொருள் தொடங்கின பொருளின் வகையைச் சேர்ந்ததாகத்தான் இருக்க முடியும். புலன்கள் நமக்குத் தருவது வெறும் மன எண்ணங்கள் என்றால், அதிலிருந்து எவ்வளவு தூரம் போனாலும் மன எண்ணங்களுக்குத்தான் போய்ச் சேருவோம். ஆனால் அறிவியல் கண்ணுக்குத் தெரியாத துகள்களையும் ஒளியின் அசைவையும் பௌதிகப் பொருளாகவே கண்டுபிடிக்கிறது. அப்படியென்றால் தொடங்கின இடமும் பௌதிகமாகத்தான் இருந்திருக்க வேண்டும். எது அந்தத் தொடக்கம்? நம் நரம்பு மண்டலமேதான் என்றார்.

வகுப்பில் இதை நான் டீ டம்ளரை வைத்துத்தான் சொல்வேன். சூடான டம்ளரைத் தொடுகிறோம். எதை உணர்கிறோம்? டம்ளரின் சூட்டை என்பார் சாதாரண மனிதர். மனத்தில் எழும் உணர்வை என்பார் கருத்துமுதல்வாதி. கேஸ் இரண்டையும் ஒப்புக்கொள்ள மாட்டார். சுட்டுக்கொண்ட உன் விரல் நரம்பைத்தான் உணர்கிறாய், டம்ளர் என்பது அதிலிருந்து நீ ஊகித்தது என்பார். ஒரு வருடம் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "அப்படின்னா சார், சிவப்புப் புடவையைப் பார்த்தா என் கண் நரம்பு சிவப்பாயிடுமா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. ஆனால் அவள் கேட்டதுதான் சரியான கேள்வி. ஏனென்றால் கேஸ் ஏறக்குறைய அதைத்தான் சொன்னார். வெண்மையைக் காண்பது என்றால் பார்வை நரம்பு அப்படி நிறம் கொண்டிருப்பதைக் காண்பது என்று எழுதினார். சூட்டுக்குப் பொருந்துகிற பேச்சு நிறத்துக்குப் பொருந்தவில்லை. நரம்பை அறுத்துப் பார்த்தால் அங்கே சிவப்பு இருக்காது. இந்த இடத்தில் அவர் கோட்பாடு உடைகிறது என்பது என் தீர்மானமான கருத்து. ஆனாலும் ஆக்ஸ்போர்டில் குக் வில்சன் என்ற தத்துவ ஆசிரியர் வழியாக யதார்த்தவாதம் தலையெடுப்பதற்கு முன்னால், எதிர்நீச்சல் போட்ட நூல் அது.

பந்தை எதிர்கொண்டவர் என்பதால்தான் பொருள் உண்மை என்று நம்பினாரோ என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது. விரலில் பந்து பட்ட வலி, அதிலிருந்து பந்தை ஊகிப்பது என்று அழகாகக் கோத்துவிடலாம். ஆனால் அப்படிக் கோப்பது நம் ஆசை. அவர் வாதம் நிற்பது ஒளியியல் மேலும் நரம்பியல் மேலும்தான், அவர் ஆசான் என்று கொண்டாடியது அறிவியல் முறைக்காக வாதாடிய பழைய தத்துவவாதி பிரான்சிஸ் பேக்கனை. பேக்கனின் நூலுக்கு 1906-ல் முன்னுரையும் எழுதினார். கிரிக்கெட்டை இதற்குள் இழுக்க வேண்டியதில்லை.

அவருடைய மிகச் சிறந்த வேலை என்று நான் நினைப்பது வேறு ஒன்று, அதைப் பலர் படிப்பதில்லை. 1910, 1911-ல் வெளிவந்த பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் 11-ஆம் பதிப்பில் அரிஸ்டாட்டில் பற்றிய நீண்ட கட்டுரை கேஸ் எழுதியது. அதுவரை பெரும்பாலோர் அரிஸ்டாட்டிலை ஒரே மூச்சில் எழுதிய கட்டுக்கோப்பான அமைப்பாகவே படித்தார்கள். ஒரு நூலுக்கும் இன்னொன்றுக்கும் முரண் வந்தால், எப்படியாவது சமாதானம் சொல்வது, இல்லையென்றால் அந்த நூல் அவருடையதே இல்லை என்று தள்ளுவது. அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் யூடீமிய அறவியல் என்ற நூலை அப்படித்தான் மாணவர் யூடீமஸ் எழுதியது என்று 19-ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் ஒதுக்கி வைத்தார்கள். கேஸ் வேறு மாதிரி பார்த்தார். ஒரு மனிதர் இருபது வருடம் பிளேட்டோவிடம் இருந்தார், முதலில் ஆசானைப் போலவே உரையாடல்கள் எழுதினார், மெல்ல மெல்ல விலகித் தன் வழிக்கு வந்தார். முரண்கள் அந்த வளர்ச்சியின் தடங்கள். யூடீமிய அறவியலும் அரிஸ்டாட்டிலுடையதே, அவருடைய பேர்பெற்ற நிக்கோமேக்கிய அறவியலுக்கு முந்திய முயற்சி. இதே வகையான பார்வையை ஜெர்மன் அறிஞர் வெர்னர் யேகர் 1923-ல் ஒரு முழு நூலாகக் கொண்டுவந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அரிஸ்டாட்டில் ஆய்வு அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் அதைச் சுற்றியே சுழன்றது. கேஸ் முன்பே சொல்லிவிட்டார் என்று பின்னாளில் சில ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். யேகர் இவரிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்று நான் சொல்ல மாட்டேன். அரிஸ்டாட்டிலின் 'மெட்டாபிசிக்ஸ்' நூல் எப்படி உருவானது என்று யேகர் 1912-லேயே தனியாக ஆய்வு செய்து வெளியிட்டிருக்கிறார், வந்த வழி வேறு. இருந்தாலும் கலைக்களஞ்சியத்துக்குள் இருந்ததால் ஒரு பெரிய யோசனை கவனிக்கப்படாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

கசப்பான பக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் உங்களுக்குப் பாதி மனிதரைத்தான் காட்டியதாகும். ஆக்ஸ்போர்டில் எந்த மாற்றம் வந்தாலும் எதிர்த்து நின்றவர்களில் கேஸ் முன்வரிசை. டைம்ஸ் நாளிதழுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். 1879-ல் பெண்களுக்கான இல்லங்கள் ஆக்ஸ்போர்டில் தொடங்கின, 1884-ல் பல்கலைக்கழகத் தேர்வுகளைப் பெண்களுக்குத் திறக்கும் பேச்சு வந்தது. கேஸ் எதிர்த்தார். 1895-ல் பெண்களுக்குப் பட்டம் கூடாது என்று ஒரு பத்திரிகையில் கட்டுரையே எழுதினார். மறுவருடம் அந்தக் கோரிக்கை வாக்கெடுப்பில் தோற்றது. தேர்வு எழுதி, ஆண்களுக்குச் சமமாக மதிப்பெண் வாங்கி, பட்டம் மட்டும் இல்லாமல் பெண்கள் இன்னும் கால் நூற்றாண்டு காத்திருந்தார்கள். 1920-ல்தான் கிடைத்தது. எல்லா மாணவரும் கிரேக்கத்தில் தேற வேண்டும் என்று அவர் தலைமுறை காப்பாற்றப் போராடிய கட்டாயக் கிரேக்க விதியும் அதே வருடம் போனது. கார்ப்பஸ் தலைவராக உட்கார்ந்து இரண்டையும் அவர் பார்த்தார். காலத்தின் குற்றம் என்று இதை நான் தள்ளிவிட மாட்டேன். அதே காலத்தில், அதே ஊரில், பெண்களுக்காக வாதாடிய ஆசிரியர்களும் இருந்தார்கள். கிரேக்க நூல்களில் வளர்ச்சியின் தடத்தை அவ்வளவு நுட்பமாகக் கண்ட ஒருவர், தன் கண் முன்னால் படித்துக்கொண்டிருந்த பெண்களின் திறமையைப் பார்க்கவில்லை. எனக்கு அது கோபம்தான்.

இன்னொரு சின்ன விஷயம், எனக்குப் பிடித்தது. 1890களில் ஆக்ஸ்போர்டின் செயின்ட் மேரி தேவாலயக் கோபுரத்தைப் பழுதுபார்க்கும் சர்ச்சை வந்தபோது, அதன் கூர்முனைச் சிறுகோபுரங்கள் பழங்காலத்தில் எப்படி இருந்தன என்று ஆராய்ந்து இந்தத் தத்துவப் பேராசிரியர் ஒரு தனி நூலே எழுதியிருக்கிறார். எதை எடுத்தாலும் ஆதாரத்தோடு மல்லுக்கு நிற்கும் குணம்.

மேலே படிக்க வேண்டுமென்றால் பௌதிக யதார்த்தவாதத்தில் தொடங்காதீர்கள், நடை கனமானது, பாதியில் விட்டுவிடுவீர்கள். பிரிட்டானிக்காவின் அரிஸ்டாட்டில் கட்டுரையிலிருந்து தொடங்குங்கள். பதிப்புரிமைக் காலம் முடிந்ததால் இணையத்தில் ஸ்கேன் பிரதி இலவசமாகவே கிடைக்கும். இரண்டாவது தொகுதியில் தேடுங்கள். கட்டுரையின் அடியில் முழுப் பெயர் இருக்காது, தலைப்பெழுத்துகள் மட்டும்தான். அவை யாருடையவை என்று தொகுதியின் முன்பக்கப் பட்டியலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.